அந்நாள் மல்லரும் இந்நாள் மல்லரும்

குத்துச்சண்டையிற் பற்றுடையார் இருவர் ஒருங்கு கூடின், நெடும்பொழுது கழியுமுன் அவருள் ஒருவர் ஒரு வினாவை எழுப்பாமல் இரார். முன்னைக் காலத்து வீரர் இன்னார் இன்றிருந்து, இற்றைநாள் வீரருடன் கோதாவில் இறங்குவாராயின் யாதாகும் என்பதே அவ்வினா. விடை கூறுவோர் இருதிறத்தார். பழையோர்க்கு நிகரானார் இனிப் பிறக்கப்போவதில்லை என்பார் ஒரு திறத்தார். ஓட்டத்திலும் நீச்சலிலும் பழைய அளவுகள் நாளும் முறியடிக்கப்பட்டு வருதல்போலக் குத்துச்சண்டையும் வளர்ந்திருத்தல் வேண்டுமாதலின், பழையோர் இன்று இரண்டு சுற்றுக்கூட நில்லார் என்பார் மற்றொரு திறத்தார். இவ்விரு திறத்தார் கூற்றும் நமக்கு உடன்பாடன்று. ஓட்டத்தை அளக்கக் கடிகாரம் உண்டு. 1938-ம் ஆண்டின் நொடியும் இன்றைய நொடியும் ஒன்றே. குத்துச்சண்டைக்கோ எதிரே நிற்கும் மனிதனே அளவுகோல். அம்மனிதனை நிறுக்கும் நேரமும், பொருவதற்கு வகுத்த சுற்றுக்களின் தொகையும், நடுவர் இடைபுகுந்து விலக்கும் வழக்கமும் மாறுமாயின் அளவுகோலே மாறியதாகும். ஆதலின் வெல்பவர் யார் என்பதன்முன், எவ்விதியின்கீழ் என்று கேட்டல் வேண்டும்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதில் என்ன வேலை என நகைப்பார் நகைக்க. வள்ளுவனார் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை அரசர்க்காயினும், கோதாவிற்கும் அவை மூன்றும் பொருந்துவனவே. மல்லர் என்னுஞ் சொல் மற்போர் புரிவார்க்கே உரியது. குத்துச்சண்டை புரிவார்க்கு அத்துணைச் சுருங்கிய வேறொரு சொல் கிடையாமையின் தலைப்பில் அதனை இரவல் வாங்கினோம்.

பொதுப்படப் பேசுதலினும் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆராய்தல் நலமாதலின், 147 ராத்தல், அஃதாவது ஏறத்தாழ 66.7 கிலோகிராம் எல்லையுடைய வெல்ட்டர் வெயிட் வகுப்பில், ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்பாரை எடுத்துக்கொள்வோம். அவர் 1912-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிஸிஸிப்பி மாகாணத்துக் கொலம்பஸ் நகரிற் பிறந்த கறுப்பினத்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஹென்றி ஜாக்ஸன். செயின்ட் லூயி நகரில் வளர்ந்து, இருப்புப்பாதை வேலையிற் கூலியாளாக உழைத்துப் பின்னர்க் குத்துச்சண்டையிற் புகுந்தார். 1937-ம் ஆண்டில் மட்டும் 27 போட்டிகளில் இறங்கி இருபத்தேழிலும் வென்றார். அவற்றுள் 26 எதிரியை இறுதிவரை நிற்கவொட்டாது முடித்தவை. அவ்வாண்டு ஜூனில் ஜோ லூயி ஹெவி வெயிட் பட்டம் பெற்று, நாட்டு மக்கள் கண்ணெல்லாம் தம்மேற் படியச் செய்திருந்தார். சிறிய வகுப்பு வீரர் ஒருவர் ஒரு பட்டம் பெற்றாலும் ஏறெடுத்துப் பார்ப்பாரிலர். ஆகவே ஆம்ஸ்ட்ராங்கை நடத்தியோர், மூன்று வகுப்புப் பட்டங்களையும் ஒருவரே ஒருங்கே கொள்வது என்னும் துணிவான திட்டத்தை வகுத்தனர்.

திட்டம் பத்துத் திங்களுக்குள் முடிந்தது. 1937 அக்டோபர் 29-ல் பீட்டி சாரன் என்பாரை ஆறாஞ் சுற்றில் வீழ்த்தி 126 ராத்தற் பெதர் வெயிட் பட்டம். 1938 மே 31-ல் பார்னி ராஸை 15 சுற்றுக்களில் வென்று 147 ராத்தல் வெல்ட்டர் வெயிட் பட்டம். அவ்வாண்டு ஆகஸ்ட் 17-ல் லூ ஆம்பர்ஸை 15 சுற்றுக்களில் வென்று 135 ராத்தல் லைட் வெயிட் பட்டம். அக்காலத்துப் பெருவழக்கான எடை வகுப்புக்கள் எட்டே. இன்றோ பதினேழுக்குக் குறையாத வகுப்புக்களும், பட்டம் வழங்கும் பெருஞ்சபைகள் நான்கும் உள்ளன. அறுபதுக்கு மேற்பட்ட பட்டங்கள் உலவுகின்றன. எட்டில் மூன்றை ஒருவரே ஒரே காலத்தில் வைத்திருந்த செயலை இன்றைய கணக்கால் நிறுத்தல் எளிதன்று.

நிற்க. எடைக்கு வருவோம், இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி அதுவே. ராஸுடன் பொருத இரவில் ஆம்ஸ்ட்ராங்கின் எடை 133½ ராத்தல். ராஸின் எடை 142. வெல்ட்டர் வெயிட் பட்டத்திற்குப் பொருவதற்கு மிகவும் இலேசானவர் என விலக்கப்படாமைப்பொருட்டு, தராசில் ஏறுமுன் அவர் வயிறு கொள்ளுமட்டும் தண்ணீர் குடித்தார் என்பது அவர் வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. இதனை நன்கு உளங்கொள்க. தராசிற்காக அவர் தண்ணீரைக் குடித்தார். இன்றைய வீரரோ தராசிற்காகத் தண்ணீரைத் துறக்கின்றனர்.

அன்றைய வழக்கம், பொருகின்ற நாளிலேயே நிறுப்பது. பகலில் 147 ராத்தல் காட்டியவர் இரவில் அதனினும் பெரிதும் மிக்கிருத்தல் அரிது. 1980-களிலிருந்து முந்தின நாளே நிறுக்கும் வழக்கம் பரவியது. எடை குறைத்தற்பொருட்டு நீரும் உணவும் விட்டவர், தளர்ந்த உடலோடு கோதாவில் இறங்காமல், இடையிலுள்ள நேரத்தில் உண்டு பருகித் தேறட்டும் என்னும் நன்னோக்கமே அதன் காரணம். ஆனால் மனிதர் மதி விதியைத் தொடர்ந்து செல்லும். தேறுதற்கு ஒருநாள் உண்டெனின், இன்னும் மிகுதியாகக் குறைக்கலாமன்றோ? உப்பைக் குறைத்து, நீரை நிறுத்தி, வெந்நீரிலும் சூடேற்றிய அறையிலும் அமர்ந்து வியர்வையாக உடல்நீரைப் போக்கித் தராசில் ஏறுகின்றனர்; இறங்கியவுடன் பருகத் தொடங்குகின்றனர். மறுநாள் இரவில் 147 ராத்தல் வீரர் உண்மையில் 155-ஓ 160-ஓ இருப்பர்.

நாம் மிகைப்படுத்துகின்றோம் என எண்ணுவோர் இரண்டு போட்டிகளைக் கருதுக. 2010 நவம்பர் 13-ல் பிலிப்பைன் நாட்டு மன்னி பாக்கியாவும் மெக்ஸிகோ மரபினரான அந்தோனியோ மார்கரீட்டோவும் பொருதனர். முந்தின நாள் தராசில் மார்கரீட்டோ 150 ராத்தல். பொருத இரவில் 165. பாக்கியாவோ தராசில் 144.6, இரவில் 148. தாளிற் காணும் வேற்றுமை ஐந்தரை ராத்தலுக்கு உட்பட்டது; கோதாவிற் கண்ட வேற்றுமை பதினேழு. மற்றொன்று துயரமானது. 2000 பிப்ரவரி 26-ல் நியூயார்க் நகரில் ஆர்த்தூரோ காட்டி என்பாரும் ஜோயி கமாஷ் என்பாரும் 141 ராத்தல் எல்லைக்கு ஒத்துக்கொண்டு நிறுக்கப்பட்டனர். மறுநாள் இரவு கோதாவிற் புகும்போது காட்டியின் எடை ஏறத்தாழ 160. கமாஷின் எடை ஏறத்தாழ 145. இரண்டாஞ் சுற்றிற் கமாஷ் வீழ்ந்தார். மூளையிற் காயமுற்ற அவர் மீண்டும் கோதாவில் இறங்கவில்லை. காப்பதற்கென ஏற்பட்ட விதியின் இடுக்கில் அத்துணை எடை வேற்றுமை புகுந்துகொண்டது. பொருகின்ற நாட்காலையில் மறுபடியும் நிறுத்து, எல்லைக்குமேற் பத்து ராத்தலுக்கு மிகலாகாது என நான்கு சபைகளுள் ஒன்று பட்டப்போட்டிகளில் விதித்திருக்கின்றது. அது நன்றென்பதே நம் எண்ணம்.

இனி வினாவிற்கு மீள்வோம். ஆம்ஸ்ட்ராங் இன்றிருந்தால், இற்றைநாள் வெல்ட்டர் வெயிட் வீரருக்கு எதிரே நில்லார் என்பதே முதல் விடை. எதனையும் ஒறுக்காமல், உண்டு குடித்து 133 ராத்தல் இருந்த ஒருவரை இன்றைய பயிற்சியாளர் கண்டால், 126 அல்லது 130 ராத்தல் வகுப்பிற்கே அனுப்புவர். இரவில் 160 ராத்தல் இருக்கும் ஒருவரோடு அவரைக் கோதாவில் விடுவதைப் போட்டி என்று சொல்லுதற்கும் நாணுவர். முன்னோர் வலியர், இந்நாளார் மெலியர் என்றோ, மாறாகவோ கூறுவார் இருவரும் இச்சிறு கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

அற்றேல், ஆராய்ச்சி இத்துடன் முடிந்ததோ எனின், முடியவில்லை. எடை ஒன்றே எல்லாம் ஆயின் ராஸ் தோற்றிருக்கமாட்டார். 1940 மார்ச் 1-ல் மிடில் வெயிட் பட்டம் வைத்திருந்த ஸெபெரினோ கார்ஸியா, ஆம்ஸ்ட்ராங்கினும் பத்து ராத்தலுக்கு மேற்பட்டவர். அவருடன் பத்துச் சுற்றுக்கள் பொருது, வெற்றி தோல்வியின்றி முடித்தார் ஆம்ஸ்ட்ராங். மேற்கூறிய பாக்கியாவும் பதினேழு ராத்தல் மிக்க மார்கரீட்டோவைப் பன்னிரண்டு சுற்றும் அடித்து வென்றார். ஆம்ஸ்ட்ராங்கின் உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம், கைநீட்டம் 67 அங்குலம் எனப் பதிவாகியிருக்கின்றன. பாக்கியாவின் அளவுகளாகப் பதிவாகியிருப்பனவும் அவையே! இயற்கையே நமக்காக ஒரு சோதனை நடத்திக் காட்டியதுபோலும். அவ்வளவினரான பாக்கியாவ், 2019 ஜூலை 20-ல் தம் நாற்பதாம் வயதில், தோல்வியே அறியாதிருந்த கீத் தர்மன் என்னும் வெல்ட்டர் வெயிட் வீரரை முதற்சுற்றிலேயே வீழ்த்திப் புள்ளி முறையில் வென்றார். சிறிய உடல் இன்றைய 147 ராத்தல் வகுப்பில் நிற்கவே இயலாது என்பார்க்கு இதுவே மறுமொழி.

ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்தல் ஆகாது. பாக்கியாவ் இடங்கையர், தாவிப் புகுவார், நான்கைந்து குத்து விடுத்துப் பக்கவாட்டில் விலகுவார். ஆம்ஸ்ட்ராங் புகுவார், விலகமாட்டார். அவர் பொருத பழைய படங்களைக் கணினித் திரையில் மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றோம். தலையைத் தாழ்த்தி, கைகளை முகத்தின்முன் குறுக்கிட்டு, எதிரியின் மார்பில் தம் நெற்றியைப் பொருத்திக்கொண்டு, விலாவினும் வயிற்றினும் இருகையாலும் இடையறாது குத்துவார். ஒரு சுற்றின் மூன்று நிமிடமும் அவர் கை ஓய்ந்திருக்கக் காண்பது அரிது. நீண்ட கையுடையார்க்கு அக்கை ஆங்கு இடையூறேயன்றி உதவியாகாது. முழங்கை மடக்கக்கூட இடங் கொடாமல் ஒட்டிக்கொள்வார். இப்போர்முறைக்கு வலிமை கைநீட்டத்திலன்று, மூச்சிலும் முதுகிலும் உள்ளது.

இத்தகைய போர்முறையின் வாழ்வும் தாழ்வும் ஒரு மூன்றாமவர் கையில் இருக்கின்றன. அவர்தாம் நடுவர். ஒட்டிப் பொருவாரைப் பொரவிடும் நடுவர் வாய்ப்பின் ஆம்ஸ்ட்ராங்கை வெல்லல் அரிது. விலக்கும் நடுவர் வாய்ப்பின் அவர் பாதி வீரரே. இதற்குச் சான்று அவர் காலத்திலேயே உண்டு. 1939 ஆகஸ்ட் 22-ல் ஆம்பர்ஸுடன் இரண்டாமுறை பொருதபோது, இடுப்பிற்குக் கீழே குத்தினார் என்று நடுவர் ஆர்தர் டானவன் ஐந்து சுற்றுக்களை அவரிடமிருந்து பறித்தார். லைட் வெயிட் பட்டமும் உடன்போயிற்று. அவ்வாண்டு மே மாதத்திலோ இலண்டனில் ஹாரிங்கே அரங்கில் எர்னி ராடரிக் என்பாரைப் பதினைந்து சுற்றில் புள்ளி முறையில் வென்று மீண்டிருந்தார். அயல்நாட்டு நடுவரின்கீழும் வெல்ல வல்லவரே. ஆனால் எந்நடுவரின்கீழும் அன்று.

இன்றைய நடுவரியல் எப்படி? பெரும்பாலும் ஒட்டிப் பொருதலை விலக்குவதே வழக்கமாயிருக்கின்றது. 2007 டிசம்பர் 8-ல் இங்கிலாந்தின் ரிக்கி ஹாட்டன், பிளாய்டு மேவெதருடன் பொருதமை காண்க. ஹாட்டனும் மார்போடு மார்பு ஒட்டிப் பொருபவர். நடுவர் ஜோ கார்ட்டெஸ் இருவரையும் அடிக்கடி விலக்கினார். ஆறாஞ் சுற்றில் ஹாட்டனுக்கு ஒரு புள்ளியும் குறைத்தார். விலக்கப்படுந்தோறும் ஹாட்டன் தூரத்திலிருந்து மீண்டும் ஓடிவந்து புகவேண்டியதாயிற்று. புகும்போதெல்லாம் மேவெதரின் குத்து வழியிற் காத்திருந்தது. பத்தாஞ் சுற்றில் வீழ்ந்தார். ஆனால் 2014 மே 3-ல் அதே மேவெதரை ஆர்ஜெண்டினாவின் மார்க்கோஸ் மைதானா கயிற்றோரத்தில் நெருக்கி, முறையென்றும் முறையன்றென்றும் பாராமல் வீசியபோது, அவர் எறிந்தவற்றுள் 221 குத்துக்கள் பட்டன. கணக்கிடப்பட்ட மேவெதர் போட்டிகளுள் எதிரி ஒருவர் அதுகாறும் அத்துணை குத்துக்கள் படுவித்ததில்லை. மைதானா தோற்றாரேனும், தீர்ப்பாளர் மூவருள் ஒருவர் அப்போட்டியைச் சரிநிகர் எனவே எழுதினார். மைதானாவோ ஓரிரு சுற்றுக்குப் பின் மூச்சு வாங்கும் இயல்பினர். ஆம்ஸ்ட்ராங் அத்தகையர் அல்லர். இதிலிருந்து நாம் துணிவது: நெருக்குவாரைப் பொரவிடும் நடுவரின்கீழ், மேவெதர் ஆம்ஸ்ட்ராங்கிடம் மிகத் துன்புறுவார். விலக்குவாரின்கீழ், இருகையாலும் எதிரியின் தோளைப் பற்றி நடுவரை எதிர்நோக்கும் கலையில் மேவெதரை மிஞ்சினார் இலராதலின், அவரே எளிதில் வெல்வார்.

சுற்றுக்களின் தொகை பற்றி ஒரு பொதுநம்பிக்கை உண்டு. முன்னாளிற் பட்டப்போட்டிகள் 15 சுற்று, இன்று 12. ஆதலின் பழையோர் இளைப்பறியாதவர், கடைசி மூன்று சுற்றில் இந்நாளாரை விழுங்கிவிடுவர் என்பர். இம்மாற்றம் விளையாட்டாக வந்ததன்று. 1982 நவம்பர் 13-ல் கொரியாவின் டுக் கூ கிம் என்னும் இளைஞர், ரே மான்ஸினியுடன் பொருது 14-ம் சுற்றில் வீழ்ந்து, சிலநாளில் உயிர்நீத்தார். அதன்பின் ஒரு சபை உடனே பன்னிரண்டாகக் குறைக்க, ஏனையவும் அப்பத்தாண்டிற்குள் குறைத்தன. அக்குறைப்பு ஆம்ஸ்ட்ராங்குக்கு நட்டம் என்று எண்ணற்க. ராஸ் முதற் சில சுற்றுக்களில் எதிர்த்து நின்று, பின் இடைச்சுற்றுக்களிலேயே நொந்துபோனார். இறுதிச் சுற்றுக்களில் ஆம்ஸ்ட்ராங் கையிளக்கி அவரை நிற்கவிட்டார் என்றுகூடச் சொல்வர். ஆம்பர்ஸோ முதற்போட்டியில் ஐந்தாம் ஆறாம் சுற்றுக்களில் வீழ்ந்தும், பின்னர்த் தேறி மேலெழுந்து வந்தார். வாய் கிழிந்து குருதி ஒழுக, இனியும் ஒழுகின் போட்டியை நிறுத்திவிடுவேன் என நடுவர் எச்சரிக்க, ஆம்ஸ்ட்ராங் அக்குருதியை விழுங்கிக்கொண்டே இறுதிவரை பொருதார். அவருடைய வெல்ட்டர் வெயிட் பட்டம் பறிபோன 1940 அக்டோபர் 4-ம் நாளிலும், பிரிட்ஸி ஸிவிக் என்பார் பிற்பாதியிலேதான் அவரை மேற்கொண்டார்; பதினைந்தாஞ் சுற்றின் முடிவில் ஆம்ஸ்ட்ராங் தரையில் இருந்தார். பன்னிரண்டோடு நிறுத்தியிருப்பின் அவருடைய மிகக் கொடிய இரவுகள் சற்றுத் தணிந்தே போயிருக்கும். நெடுஞ்சுற்று நெருக்குவார்க்கு நல்லது என்பது பலர் வாயிற் கேட்பது; ஆம்ஸ்ட்ராங்கின் போட்டிகளோ அதனை அவ்வளவாக ஆதரிக்கவில்லை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை பொருவது என்பதிலும் உலகம் தலைகீழாயிற்று. 1939 அக்டோபரில் ஆம்ஸ்ட்ராங் தம் வெல்ட்டர் வெயிட் பட்டத்தை ஐந்து முறை பணயம் வைத்தார். 9-ம் நாள் டி மாயின், 13-ம் நாள் மினியாபொலிஸ், 20-ம் நாள் சியாட்டில், 24-ம் நாள் லாஸ் ஏஞ்ஜலிஸ், 30-ம் நாள் டென்வர். இருபத்திரண்டு நாளில் ஐந்து ஊர், ஐந்து போட்டி, ஐந்து வெற்றி! இடையிலுள்ள இருப்புப்பாதைப் பயணமே ஒருவரைத் தளர்விக்கப் போதும். எரல் ஸ்பென்ஸ் என்னும் இற்றைநாட் பெருவீரர், 2012 முதற் பத்தாண்டிற்கு மேலாகப் பொருது, 2023-ல் தம் தலையாய போட்டிக்கு வந்தபோது அவர் கணக்கில் இருந்தவை 28 போட்டிகள். ஆம்ஸ்ட்ராங்கின் 1937 ஒன்றே அதற்கு ஒன்று குறைவு. மொத்தத்தில் ஆம்ஸ்ட்ராங் ஏறக்குறைய 180 போட்டிகளிற் பொருதார்.

இதனைப் பழையோரின் பெருமையாகவே பலரும் கூறுவர். நமக்கோ அது முழுதும் பெருமையாகத் தோன்றவில்லை. வாரந்தோறும் பொருதலாற் பெற்ற பழக்கம் ஒருபுறம் இருக்க, ஆறாத புண்மேற் புண்பட்ட கண்ணிமைகளோடு அவர் ஸிவிக்குக்கு எதிரே நின்றார். 1941 ஜனவரி 17-ல் மாடிஸன் சதுக்க அரங்கில் அவ்விருவரும் மீண்டும் பொருததைக் காண இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நெருங்கினர். கண்கள் வீங்கி மூட, பன்னிரண்டாஞ் சுற்றில் நடுவர் அப்போட்டியை நிறுத்தினார். பின்னாளில் ஆம்ஸ்ட்ராங் மதுவுக்கு இரையாகி, அதிலிருந்து மீண்டு, 1951-ல் பாப்டிஸ்ட் சபையின் குருவாக அபிஷேகம் பெற்று இளைஞரிடையே தொண்டாற்றினார். 1988-ல் இறக்குமுன் அவர் பார்வையும் நினைவும் மங்கியிருந்தன. ஆண்டுக்கு இருமுறையே பொருது, இடையிற் புண் ஆறி, மருத்துவர் ஒப்புதலின்றிக் கோதாவில் இறங்காத இன்றைய முறை அவருக்கு வாய்த்திருப்பின், நாம் படங்களிற் காணும் ஆம்ஸ்ட்ராங்கினும் சிறந்த ஒருவரைக் கண்டிருப்போம் என்பதில் நமக்கு ஐயமில்லை. 1937-ம் ஆண்டின் கண்களோடு அவர் இன்னும் பத்தாண்டு பொருதிருக்கலாம்.

இடைக்காலத்திலிருந்து ஒரு சான்று கூறி மேற்செல்வோம். பனாமா நாட்டு ராபர்ட்டோ துரான், 135 ராத்தல் வகுப்பில் 1972 முதற் பட்டம் வைத்திருந்த, நெருக்கிப் பொருவதில் வல்லவர். அவர் 1980 ஜூன் 20-ல் மான்ட்ரியல் நகரில், தம்மினும் உயரமான சுகர் ரே லெனர்டைப் பதினைந்து சுற்றில் வென்று வெல்ட்டர் வெயிட் பட்டம் கொண்டார். லெனர்டு அன்று நின்று பொருதார். ஐந்து திங்கள் கழித்து அவ்விருவரும் மறுபடியும் எதிர்ப்பட்டபோது லெனர்டு நிற்கவில்லை. வட்டமிட்டார், விலகினார், எள்ளி நகையாடினார். எட்டாஞ் சுற்றில் துரான் தாமாகவே கைவிட்டார். ஒரே இருவர், ஒரே ஆண்டு. வென்றவர் மட்டும் வேறு. ஆம்ஸ்ட்ராங்கின் எதிரியும் நிற்பாரோ விலகுவாரோ என்பதறியாமல் ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்லுதல் யார்க்கும் அரிது.

ஆயினும் தீர்ப்புச் சொல்லாமல் நழுவுதலும் அழகன்று. தர்மன், மைதானா போன்றாரை ஆம்ஸ்ட்ராங் இன்றைய விதியின்கீழும் வெல்வார் என்றே துணிகின்றோம். ஸ்பென்ஸ், ஐந்தடி ஒன்பதரை அங்குல உயரமிருந்தும், விலகிப் பொருவதை விட்டு உடலிற் குத்துதலையே விரும்பி நெருங்கி வருபவர். அதனால் ஆம்ஸ்ட்ராங்குக்கு வேண்டிய இடத்தைத் தாமே கொடுத்துவிடுவார். முந்தின நாள் நிறுத்தால் ஸ்பென்ஸின் பளு வெல்லும். அந்நாளே நிறுத்தால் ஆம்ஸ்ட்ராங்.

எஞ்சியவர் ஒருவர். ஒமாஹா நகரத்து டெரன்ஸ் கிராபோர்டு, 2023 ஜூலை 29-ல் லாஸ் வேகாஸில் அந்த ஸ்பென்ஸை இரண்டாஞ் சுற்றில் ஒருமுறையும், ஏழாஞ் சுற்றில் இருமுறையும் வீழ்த்தி, ஒன்பதாவதில் முடித்தார். நான்கு சபைகளின் வெல்ட்டர் வெயிட் பட்டங்களும் அவர்பால் ஒருங்கே சேர்ந்தன. 2025 செப்டம்பரில் 168 ராத்தல் வகுப்புக்கே ஏறி, கானெலோ ஆல்வரெஸையும் வென்றார். இடங்கையாகவும் வலங்கையாகவும் மாறி நிற்க வல்லவர். முன்னேறி வருவாரின் குத்து விடுபடும் நொடியிலேயே தம் குத்தை அதன் உள்வழியாகச் செலுத்துவதே அவர் தொழில். ஆம்ஸ்ட்ராங் தலையைத் தாழ்த்தி ஓடிவரும் வழியோ யாவரும் அறிந்த வழி. கீழிருந்து மேனோக்கி எழும் குத்தால் அவ்வழியை முதலில் அடைத்தவர் ஸிவிக். ஸிவிக் கட்டைவிரலாலும் முழங்கையாலும் செய்தவற்றைக் கிராபோர்டு முறைதவறாமலே செய்துமுடிப்பார். 67 அங்குலக் கைநீட்டத்திற்கு எதிரே 74 அங்குலக் கைநீட்டம் வேறு. இன்றைய விதியின்கீழ், இன்றைய நடுவரோடு, பன்னிரண்டு சுற்று முடிய மணியொலிக்கும்போது உயர்வது கிராபோர்டின் கையே.

அப்போட்டியை 1938-ம் ஆண்டு வழக்கப்படி ஏற்படுத்துவோமாயின், பகலில் நிறுத்து இரவிற் பொருதல் வேண்டும். நீர் துறந்த உடலோடு பதினைந்து சுற்றுக்கு ஆம்ஸ்ட்ராங்கின் எதிரே இறங்குவதா, அன்றி மிடில் வெயிட் வகுப்புக்கு ஏறிவிடுவதா எனக் கிராபோர்டு அன்று காலையிலேயே தராசின்முன் நின்று எண்ணவேண்டியிருக்கும்.